ஒரு திருக்கை, ஒரு பட்டாம்பூச்சி, இரண்டு நகரங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

பஸ்ல போய்க்கிட்டே கேட்கிறவங்க, சமையல் பண்ணிக்கிட்டே கேட்கிறவங்க, ராத்திரி தூக்கம் வராம கேட்கிறவங்க, எல்லாரும் வாங்க.

இன்னைக்கு இரண்டு உயிரினங்களைப் பற்றிப் பேசப் போறேன். ஒண்ணு ஒரு சின்னத் திருக்கை மீன். இந்தோனேசியாவுல, ஜகார்த்தா நகரத்தை ஒட்டின கடல்ல இருந்தது. இன்னொண்ணு ஒரு நீலப் பட்டாம்பூச்சி. அமெரிக்காவுல, சான் பிரான்சிஸ்கோ நகரத்தோட மணல் மேடுகள்ல பறந்தது. உடம்பு, வாழ்க்கை, இருந்த இடம் எதுலயும் இரண்டுக்கும் ஒற்றுமை கிடையாது. ஆனா உலக உயிரினங்களோட நிலைமையைக் குறிச்சு வைக்கிற ரெட் லிஸ்ட், அதாவது சிவப்புப் பட்டியல்ல, இரண்டுக்கும் நேரா ஒரே வார்த்தைதான் இருக்கு: அழிந்துவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு விஷயம் நல்லாப் புரியுது. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணின அந்த வகைப்பாடு இருக்கே, உலகம், தொகுதி, வகுப்பு, வரிசைன்னு, அது பரீட்சைக்கு மட்டும் உரியது கிடையாது. ஒரு உயிர் தொலைஞ்சு போனா யாராவது கவனிப்பாங்களா, மாட்டாங்களாங்கிறதையே அது முடிவு பண்ணுது. எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல விலாசம்

வகைப்பாட்டை ஒரு தபால் விலாசம் மாதிரி நினைச்சுக்கோங்க. பெரிசுல இருந்து சின்னதுக்கு வரும். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்.

திருக்கையும் பட்டாம்பூச்சியும் முதல் வரியில ஒண்ணா இருக்கு. இரண்டும் விலங்கு உலகம். அடுத்த வரியிலயே பிரிஞ்சுடுது. திருக்கை முதுகுநாணிகள் தொகுதி. பட்டாம்பூச்சி கணுக்காலிகள் தொகுதி. இரண்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல ஆகுது.

இதுக்கு என்ன அர்த்தம்னா, திருக்கைக்குப் பட்டாம்பூச்சியை விட நாமதான் நெருங்கின சொந்தம். நமக்கும் அதுக்கும் முதுகெலும்புத் தொடர் உண்டு, தாடை உண்டு. பட்டாம்பூச்சியோட சொந்தக்காரங்க யாருன்னு கேட்டா, எறும்பு, வண்டு, கொஞ்சம் தள்ளிப் போனா இறாலும் நண்டும். பூச்சிகளோட பரம்பரையே ஓட்டுடலிகள் வழியா வந்ததுதான். அப்படின்னா கடலடியில திருக்கை தேடித் தின்கிற இறால், மலைமேட்டுல பறக்கிற பட்டாம்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்.

விலாசத்தோட மீதியைச் சொல்லிடறேன். திருக்கை, குருத்தெலும்பு மீன்கள் வகுப்பு. அதோட உடம்புல எலும்பு கிடையாது, நம்ம காது மடல்ல இருக்கிற மாதிரியான குருத்தெலும்புதான். சுறாவும் இதே வகுப்பு. வரிசை, மைலியோபேட்டிஃபார்மிஸ். வாலில் முள் இருக்கிற திருக்கைகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். குடும்பம், யூரோலோஃபிடே. முழுப் பெயர் யூரோலோஃபஸ் ஜவானிகஸ். நான் இனிமே ஜாவா திருக்கைன்னே சொல்றேன்.

பட்டாம்பூச்சி, பூச்சிகள் வகுப்பு. வரிசை, லெபிடாப்டெரா. செதில் இறக்கைன்னு பொருள். குடும்பம், லைசினிடே. நம்ம ஊர்ல பட்டாம்பூச்சி பார்க்கிறவங்க இந்தக் குடும்பத்துல பல பூச்சிகளை நீலன்னு சொல்வாங்க. முழுப் பெயர் கிளாக்கோசைக்கி ஸெர்சீஸ். பாரசீக மன்னர் செர்க்சஸ் பெயரை பிரெஞ்சுக்காரங்க எழுதுற மாதிரி வச்சதுதான் அந்தக் கடைசி வார்த்தை. நாம ஸெர்சீஸ் நீலன்னு கூப்பிடுவோம்.

இரண்டையும் பார்த்தா இறக்கை விரிச்ச மாதிரி இருக்கும். ஆனா திருக்கையோட "இறக்கை" உண்மையில மார்புத் துடுப்பு, தலையோட ஒட்டி அகலமா வளர்ந்தது. பட்டாம்பூச்சியோட இறக்கை, அதோட வெளிக்கூட்டுல இருந்து வளர்ந்த மெல்லிய தகடு. செதில் கதையும் அப்படித்தான். திருக்கையோட வால் முள், செதில் மாறி உருவானது. அந்தச் செதிலோட அமைப்பு கிட்டத்தட்ட பல் மாதிரி. பட்டாம்பூச்சியோட செதில், மயிரிழை தட்டையாகி உருவானது. ஆண் ஸெர்சீஸ் நீலனோட நீல நிறம் அந்தச் செதிலோட நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டுத் திரும்புறதால வருது. சாயம் கிடையாது. அதனாலதான் நூறு வருஷம் கழிச்சும் மியூசியப் பெட்டியில அது நீலமாவே இருக்கு.

ஜகார்த்தா: ஒரே ஒரு மீன்

1862, ஜூலை மாசம். அப்போ ஜகார்த்தாவுக்குப் படேவியான்னு பெயர், டச்சுக்காரங்க ஆட்சி. எட்வர்ட் ஃபான் மார்ட்டென்ஸ்னு ஒரு ஜெர்மன் விலங்கியலாளர். பிரஷ்ய அரசு கிழக்காசியாவுக்கு அனுப்பின பயணக் குழுவோட வந்தவர். அவர் அதிகமா ஆராய்ச்சி பண்ணினது நத்தை, சிப்பிகளைத்தான். அங்கே ஒரு மீன் சந்தையில அவருக்கு ஒரு திருக்கை கிடைக்குது. பெண் மீன். வாலோட சேர்த்து 33 சென்டிமீட்டர். சாப்பாட்டுத் தட்டு அளவுன்னு வச்சுக்கலாம்.

1864-ல அவர் அதை ஒரு புது இனம்னு விவரிச்சுப் பெயர் வைக்கிறார். அந்த மீன் இன்னைக்கும் பெர்லின் இயற்கை வரலாற்று மியூசியத்துல இருக்கு. அறிவியல் கையில இருக்கிற ஜாவா திருக்கை அந்த ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை.

இதைக் கேட்டதும், அப்பவே அரிதான மீனா இருந்திருக்குமோன்னு தோணும். ஆனா அது சந்தைக்கு வந்திருக்கு, அப்படின்னா யாரோ ஒருத்தரோட வலையில மத்த மீனோட மீனா ஏறியிருக்கு. அன்னைக்கு விற்க வந்தவங்களுக்கு அது ஒரு சின்னத் திருக்கை, அவ்வளவுதான். விலை கம்மி. குழம்புக்குப் போயிருக்கும். அந்த ஒரு மீன் மட்டும் குழம்புக்குப் போகாம ஜாடிக்குப் போனதாலதான் இந்த எபிசோடே இருக்கு.

1870-கள்லயே ஜாவாவோட வடக்குக் கரையில மீன்பாடு குறைய ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் நூறு வருஷத்துல ஜகார்த்தா விரிகுடாவைச் சுற்றித் துறைமுகம், தொழிற்சாலை, கடலைத் தூர்த்து எடுத்த நிலம்னு எல்லாம் வந்தாச்சு. இன்னைக்கு ஜகார்த்தாவும் அதைச் சுற்றின ஊர்களும் சேர்ந்தா 3 கோடி பேருக்கு மேல. அந்தக் கழிவெல்லாம் சேருற இடம் இந்த விரிகுடாதான்.

2023 டிசம்பர்ல, துபாய் காலநிலை மாநாடு நடந்த சமயத்துல, ஐ.யு.சி.என் அமைப்பு சிவப்புப் பட்டியலைப் புதுப்பிச்சது. அதுல ஜாவா திருக்கை அழிந்துவிட்டதுன்னு அறிவிப்பு வந்தது. அந்த மதிப்பீட்டை முன்னின்று செஞ்சவர், ஆஸ்திரேலியாவோட சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா கான்ஸ்டன்ஸ். மனுஷங்க செயலால ஒரு கடல் மீன் இனம் அழிஞ்சதா பதிவானது இதுதான் முதல் தடவைன்னு அப்போ சொன்னாங்க.

1862-ல கிடைச்சது. 2023-ல இல்லைன்னு சொன்னாங்க. இடையில 161 வருஷம். அந்தக் கடைசி மீன் எந்த வருஷம் செத்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

சான் பிரான்சிஸ்கோ: எல்லாரும் பார்த்தாங்க

பட்டாம்பூச்சி கதை இதுக்கு நேர் எதிர்.

1848-ல சான் பிரான்சிஸ்கோவுல சுமார் ஆயிரம் பேர்தான். பக்கத்துல தங்கம் கிடைச்சதுன்னு செய்தி பரவினதும் உலகமே அங்கே ஓடுது. அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர் பியர் லோர்கான்ங்கிற பிரெஞ்சுக்காரர். அவர் தங்கத்தோட பட்டாம்பூச்சியும் தேடினார். பிடிச்சதை எல்லாம் பாரீசுல இருக்கிற ஷான் பாப்டிஸ்ட் புவாதுவாலுக்கு அனுப்பினார். 1852-ல புவாதுவால்தான் ஸெர்சீஸ் நீலனுக்குப் பெயர் வச்சது.

அந்தப் பூச்சியோட உலகம் ரொம்பச் சின்னது. சான் பிரான்சிஸ்கோவோட மேற்குப் பக்கம் பசிபிக் கடற்கரையை ஒட்டி மைல் கணக்குல மணல் மேடுகள் இருந்தன. அங்கே வளர்ற பயறு குடும்பத்துச் செடிகள்லதான் அது முட்டையிடும். புழு அதைத் தின்னு வளரும். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் பலதுக்கு எறும்போட ஒரு ஒப்பந்தம் உண்டு. புழு இனிப்பா ஒரு திரவம் சுரக்கும், எறும்பு அதைக் குடிச்சுட்டுப் புழுவுக்குக் காவல் இருக்கும். ஸெர்சீஸ் நீலனும் அப்படித்தான் வாழ்ந்திருக்கணும்.

1870 கணக்கெடுப்புல நகரத்தோட மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தொட்டுடுச்சு. 1875-ல ஹெர்மன் பேர்ங்கிற உள்ளூர்ப் பூச்சி ஆய்வாளர் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுறார். அந்தப் பூச்சி இருந்த இடமெல்லாம் வீட்டு மனையா மாறிப்போச்சு, இங்கே அது தீர்ந்துதுன்னு. அவர் சொன்னது கொஞ்சம் அவசரம்தான், இன்னும் சில மூலைகள்ல அது மிச்சம் இருந்தது. ஆனா விஷயம் எந்தப் பக்கம் போகுதுங்கிறதை அவர் சரியாச் சொல்லிட்டார்.

ஜாவாவுல மீன்பாடு குறைஞ்ச அதே 1870-கள்தான் இதுவும்.

அப்புறம் மணல் மேட்டு மேல பூங்கா வந்தது, தெரு வந்தது, வரிசை வரிசையா வீடு வந்தது. செடி போச்சு. வெளியூர்ல இருந்து வந்த அர்ஜென்டினா எறும்பு உள்ளூர் எறும்புகளைத் துரத்தினதும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. கடைசியா ப்ரெசிடியோங்கிற ராணுவ முகாம் பக்கத்துல ஒரு சின்னத் துண்டு நிலம் மட்டும் மிச்சம். 1940-களோட தொடக்கத்துல அங்கேயும் இல்லாம போச்சு. நகரம் வளர்ந்ததால அழிஞ்ச முதல் அமெரிக்கப் பட்டாம்பூச்சின்னு அதைச் சொல்வாங்க.

வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? திருக்கைக்கு ஒரே ஒரு மாதிரி. இந்தப் பூச்சிக்கு மியூசியங்கள்ல நூற்றுக்கணக்குல மாதிரிகள் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கீழே பிடிச்ச தேதியும் இடமும் எழுதின சீட்டு இருக்கு. பட்டாம்பூச்சி அழகு, பகல்ல பறக்கும், சேகரிக்கிறது அந்தக் காலத்துல பெரிய பொழுதுபோக்கு. அதனால அது போறதை எல்லாரும் பார்த்தாங்க. பார்த்தாங்க, எழுதி வச்சாங்க, நிறுத்தத்தான் யாராலயும் முடியலை. திருக்கை போனதை யாரும் பார்க்கக்கூட இல்லை.

"அழிந்துவிட்டது"ன்னு எப்போ சொல்லலாம்?

சிவப்புப் பட்டியல்ல மொத்தம் ஒன்பது நிலைகள். மதிப்பிடப்படாதது, தகவல் போதாதது, கவலை குறைந்தது, அச்சுறுத்தலை நெருங்குவது, பாதிக்கப்படக்கூடியது, அருகிவருவது, மிகவும் அருகிவருவது, இயற்கையில் அழிந்தது, அழிந்துவிட்டது. இந்தக் கடைசி நிலையைக் கொடுக்க விதி ரொம்பக் கடுமை. கடைசி உயிரும் இறந்துபோச்சுங்கிறதுல நியாயமான சந்தேகம் எதுவும் இருக்கக்கூடாது. அது இருந்த எல்லா இடத்துலயும், சரியான பருவத்துல, முழுசாத் தேடியும் கிடைக்காம இருக்கணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு இனம் அழிஞ்சதுன்னு அறிவிச்சா, அதுக்கான தேடல் நின்னுடும், பணம் நின்னுடும், சட்டப் பாதுகாப்பும் நின்னுடலாம். உண்மையில எங்கேயோ நாலு உயிர் மிச்சம் இருந்தா, அறிவிப்பே அதைக் கொன்னுடும். இதுக்கு விஞ்ஞானிகள் ரோமியோ பிழைன்னு பெயர் வச்சிருக்காங்க. ஜூலியட் மயங்கிக் கிடக்கிறப்போ செத்துட்டாள்னு நினைச்சான் பாருங்க, அந்த ரோமியோ.

ஒரு நிஜ உதாரணம். ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா கடல்ல கை மாதிரி துடுப்பு வச்ச ஒரு மீன் இனம், அதுக்கும் ஒரே ஒரு மாதிரிதான். 2020-ல அழிந்துவிட்டதுன்னு போட்டாங்க. அடுத்த வருஷமே, இல்லை, உறுதியாச் சொல்லத் தகவல் போதாதுன்னு மாத்திட்டாங்க. தரையில ஒரு மணல் மேட்டை நடந்து தேடி முடிச்சிடலாம். கடலை எப்படித் தேடி முடிக்கிறது?

ஜாவா திருக்கை விஷயத்துல வழி வேற மாதிரி இருந்தது. கடலுக்குள்ள தேடுறதை விட, கடல்ல இருந்து வர்றதைத் தேடினாங்க. இந்தோனேசியா உலகத்துலயே அதிகமா சுறாவும் திருக்கையும் பிடிக்கிற நாடுகள்ல ஒண்ணு. ஒரு இனம் உயிரோட இருந்தா அது ஏதோ ஒரு மீன் இறங்குதளத்துக்கு என்னைக்காவது வந்தே ஆகணும். 2001-க்கு அப்புறம் அங்கே மீன் இறங்குதளங்கள்ல ஆய்வாளர்கள் திருக்கைகளை இனம் பிரிச்சுப் பதிவு பண்ணினாங்க. ஒண்ணுகூட ஜாவா திருக்கை கிடையாது. அந்தத் தகவலையும் கணக்கு மாதிரிகளையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வந்தாங்க.

பெயரே வழக்கான கதை

இப்போ வகைப்பாட்டுக்குத் திரும்ப வரேன்.

ஸெர்சீஸ் நீலன் போய்ப் பல வருஷம் கழிச்சும் ஒரு சண்டை ஓடிக்கிட்டே இருந்தது. அது தனி இனமா, இல்லை வெள்ளி நீலன்ங்கிற பரவலா இருக்கிற இன்னொரு பட்டாம்பூச்சியோட ஒரு உள்ளூர் வடிவமா? ஸெர்சீஸ் நீலனோட இறக்கையின் அடிப்பக்கப் புள்ளிகள் ஒவ்வொரு பூச்சிக்கும் நிறைய மாறும். அந்தக் காலத்துல இந்த ஒரே பூச்சியோட வடிவங்களுக்கே தனித்தனிப் பெயர் வச்சிருக்காங்க. புள்ளியை வச்சு முடிவு பண்ண முடியலை.

இது வெறும் பெயர்ச் சண்டைன்னு தோணலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. வெள்ளி நீலன் வட அமெரிக்கா முழுக்க இருக்கு. ஸெர்சீஸ் அதோட ஒரு வடிவம்தான்னா, உலகம் இழந்தது ஒரு ஊர்க் கூட்டத்தை. தனி இனம்னா, இழந்தது ஒரு முழு இனத்தை. வகைப்பாட்டுல ஒரு வரி மாறினா நிலையும் மாறிடும்.

2021-ல சிகாகோ ஃபீல்ட் மியூசியத்துல இருந்த ஒரு பூச்சியோட வயிற்றுப் பகுதியில சின்னத் துணுக்கு எடுத்து டி.என்.ஏ படிச்சாங்க. அந்தப் பூச்சியைப் பிடிச்சு அப்போ 93 வருஷம் ஆகியிருந்தது. முடிவு: தனி இனம்தான். அதுக்கப்புறம் வேற ஒரு குழு இன்னும் பல மாதிரிகளோட மரபணுத் தொகுதியைப் படிச்சது. இரண்டு இனமும் பிரிஞ்சு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகுதுன்னும், கூட்டம் சுருங்கி நெருங்கின உறவுக்குள்ளயே இனப்பெருக்கம் நடந்த தடயம் இருக்குன்னும் தெரிஞ்சது.

திருக்கைப் பக்கம் இதே பிரச்சினை வேற உருவத்துல இருக்கு. உலகம் பூரா மீன்பிடிக் கணக்குல திருக்கைகளைப் பல இடத்துல இனம் பிரிக்காம, மொத்தமா திருக்கைன்னு ஒரே வரியில எழுதிடறாங்க. ஐரோப்பாவுல இதால நடந்தது ஒண்ணு இருக்கு. சாதாரணத் திருக்கைன்னே பெயர் வாங்கின ஒரு பெரிய மீன், திருக்கைகளோட நெருங்கின சொந்தக்காரன். அது உண்மையில இரண்டு இனம்னு 2010 வாக்குலதான் உறுதியாச்சு. இரண்டையும் ஒண்ணா எண்ணினதால, பெருசா வளர்ற இனம் எவ்வளவு வேகமாக் குறைஞ்சதுன்னு வெளியில தெரியவே இல்லை. மொத்தக் கணக்கு நல்லா இருக்கிற மாதிரி தெரியும், உள்ளே ஒரு இனம் காலியாகிக்கிட்டு இருக்கும்.

இரண்டு பலவீனம், ஒரே முடிவு

விலாசம் தெரிஞ்சா பலவீனமும் தெரியும். குருத்தெலும்பு மீன்கள் பொதுவா மெதுவா வளரும், தாமதமாப் பருவத்துக்கு வரும், குட்டி கம்மி. ஜாவா திருக்கையோட குடும்பம் முட்டையிடாது, ஒரு ஈத்துக்குச் சில குட்டிகள்தான் போடும். அதனால வலை கொஞ்சம் அதிகமானாலே போதும், பிறக்கிறதை விடச் சாகிறது அதிகமாயிடும். 2021-ல வந்த மதிப்பீட்டுல, பார்த்த 1,199 சுறா, திருக்கை, அவற்றோட உறவினங்கள்ல 391 அழிவு அபாயத்துல இருக்கு. முக்கியக் காரணம் அளவுக்கு மீறின மீன்பிடிப்பு.

பட்டாம்பூச்சி இதுக்கு எதிர். வருஷத்துக்கு ஒரு தலைமுறை. நிறைய முட்டை. நாலு பேர் வலை வச்சுப் பிடிச்சா அவ்வளவு சுலபமா அழியாது. ஆனா குறிப்பிட்ட செடி, குறிப்பிட்ட மண், கூட எறும்பு எல்லாம் ஒரே இடத்துல வேணும். அந்த இடத்தை எடுத்துட்டா எத்தனை முட்டை போட்டும் பிரயோஜனம் இல்லை.

அதனால திருக்கையைக் காப்பாத்த வலையைக் கவனிக்கணும். பட்டாம்பூச்சியைக் காப்பாத்த நிலத்தைக் கவனிக்கணும். ஒண்ணுக்கான மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாது. எனக்கு வகைப்பாட்டுல பிடிச்ச விஷயமே இதுதான், எங்கே அடிபடும்னு முன்கூட்டியே சொல்லிடுது.

இன்னொரு கவலையும் இருக்கு. பெயர் வச்ச பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். அதுல சிவப்புப் பட்டியல்ல மதிப்பிட்டது நூற்றுக்கு ஒண்ணு இரண்டுதான். மீதிக்கு நிலையே கிடையாது. அதுல எத்தனை ஸெர்சீஸ் இருக்கோ.

இரண்டு கேள்விகள்

இந்த எபிசோடைப் பற்றி நண்பர்கள்கிட்ட சொன்னப்போ எல்லாரும் கேட்ட இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு முடிக்கிறேன்.

டி.என்.ஏ கிடைச்சாச்சே, பூச்சியைத் திரும்பக் கொண்டு வர முடியாதா? பழைய மாதிரியில டி.என்.ஏ சின்னச் சின்னத் துண்டாத்தான் கிடைக்கும். அதைப் படிக்கிறது ஒரு வேலை, அதை வச்சு ஒரு உயிரை உருவாக்கறது முற்றிலும் வேற வேலை. அப்படியே உருவாக்கினாலும் எங்கே விடுவீங்க? மணல் மேட்டு மேல வீடு இருக்கு.

இருந்தாலும் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. ப்ரெசிடியோ இப்போ பூங்கா. சில மணல் மேடுகளைப் பழையபடி மீட்டு, அந்தச் செடிகளைத் திரும்ப வளர்த்திருக்காங்க. 2024 ஏப்ரல்ல, தெற்கே மான்டரே மாவட்டத்துல இருந்து சில டஜன் வெள்ளி நீலன்களைக் கொண்டு வந்து அங்கே விட்டாங்க. ஸெர்சீஸோட நெருங்கின சொந்தம் எதுன்னு பார்த்துத்தான் எடுத்தாங்க. போன இனம் திரும்ப வராது. ஆனா அது பார்த்த வேலையை அதோட உறவு பார்க்கலாம். யாரைக் கூட்டிட்டு வரணும்னு சொன்னதும் வகைப்பாடுதான்.

1971-ல அமெரிக்காவுல முதுகெலும்பில்லாத உயிர்களுக்காகவே ஒரு பாதுகாப்பு அமைப்பு தொடங்கினாங்க. அதுக்கு வச்ச பெயர் ஸெர்சீஸ் சொசைட்டி. இப்பவும் நடக்குது. ஜாவா திருக்கை பெயர்ல அப்படி ஒண்ணும் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இரண்டாவது கேள்வி: நாங்க என்ன பண்றது? பெருசா எதுவும் சொல்லப் போறதில்லை. அடுத்த தடவை மீன் மார்க்கெட்டுக்குப் போனா, திருக்கை இருந்தா, இது எந்தத் திருக்கைன்னு கேளுங்க. விற்கிற அக்காவுக்கு நமக்குத் தெரிஞ்சதை விட நிறையத் தெரியும். மாடியில, தெரு ஓரத்துல பட்டாம்பூச்சி பார்த்தா போட்டோ எடுத்து, ஐ-நேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்ல தேதி, இடத்தோட போடுங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி சான் பிரான்சிஸ்கோவுல சேகரிச்சவங்க எழுதி வச்ச சீட்டு மாதிரிதான் அதுவும். இந்தத் தடவை பூச்சியைக் குத்தி வைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

1870-கள்ல இரண்டு ஊர்லயும் எச்சரிக்கை இருந்தது. ஒரு ஊர்ல ஒரு கடிதமா, இன்னொரு ஊர்ல காலியா வந்த வலையா. அதுக்கப்புறம் பட்டாம்பூச்சிக்குக் கிட்டத்தட்ட 70 வருஷம் அவகாசம் இருந்தது. இன்னைக்கு அபாயத்துல இருக்கிற அந்த 391-க்கு எவ்வளவு அவகாசம்னு யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அதுங்களுக்குப் பெயர் இருக்கு, நிலைமையும் எழுதியாச்சு. ஜாவா திருக்கைக்குப் பெயர் மட்டும்தான் இருந்தது.

சரி, அவ்வளவுதான் இன்னைக்கு. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம்.